மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி

என் மைத்துனருக்குப் பல் வலி வந்தது. அது வராமல் இருந்திருந்தால் அவர் இன்று முந்திரித் தோப்பில் நின்று ஆள்களை விரட்டிக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, பேர மட்டும் போடாதீங்க, ஊரு சிரிக்கும்" என்றார். ஆகவே பெயர் கிடையாது. மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, புதுச்சேரி அரசு அலுவலகங்களில் எழுத்தராகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான ஆண்டிமடத்தில் வந்து உட்கார்ந்தவன். மாப்பிள்ளை அவளுடைய தம்பி. என்னைவிடப் பத்து வயது இளையவர். நான்கு ஏக்கர் முந்திரி, இரண்டு கறவை மாடு. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். பட்டாவோ, வங்கிக் கடிதமோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, "மாமாகிட்ட குடு, பைல் போட்டு வச்சுக்குவாரு." எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் பின்னால் சொல்லப் போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் கழிந்து முந்திரி பூத்திருந்த சமயம். மாப்பிள்ளைக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். பெரிய காய்ச்சலும் இல்லை, உடம்பு லேசாகக் கொதிக்கும். ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் சரியாகிவிடும். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனார். ஊசி, மூன்று நாள் மாத்திரை. காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை. டைபாய்டு என்றார் ஒருவர். சளியைச் சோதித்துப் பார்த்தார் இன்னொருவர். ரத்தம் குறைவு என்று சத்து மருந்து கொடுத்தார் மூன்றாமவர். இப்படியே ஆறு வாரம். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார்.

கடைசியில் என் மனைவி பிடிவாதம் பிடித்துக் கோரிமேட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். ஜிப்மர் என்று நம் ஊரில் சொல்பவர்கள் குறைவு, கோரிமேடு என்றால்தான் தெரியும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வாரிசு அது. விருத்தாசலம், பண்ருட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு இளம் டாக்டர், எங்கள் பேத்தி வயது இருக்கும், மாப்பிள்ளையின் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தது. நகத்துக்கு அடியில் சிராய் ஏறியது போலச் சின்னச் சின்னக் கருஞ்சிவப்புக் கோடுகள். "இது என்னய்யா?" என்று கேட்டது. "முந்திரிக் கொட்டை உடைக்கிறோம்மா, அந்த எண்ணெய்க் கறை" என்றார் இவர். உண்மையில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். நம் பக்கம் கொட்டை உடைக்கிற எவர் கை சுத்தமாக இருக்கிறது? அந்தப் பெண் பஞ்சால் துடைத்துப் பார்த்தது. போகவில்லை. உடனே மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டது.

நகத்தடியில் இருந்தது ரத்தக் கசிவு. நோய் இதயத்தில்.

இதயத்துக்குள் நான்கு வால்வுகள். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதே, அதே வேலைதான், ஒருபக்கம் போனது திரும்பி வராமல் தடுப்பது. ரத்தத்தில் எப்படியோ நுழைந்த கிருமி, சற்றே தேய்ந்தோ தடித்தோ போன வால்வு ஒன்றில் ஒட்டிக்கொண்டு, ரத்தக் கட்டியைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு வளர்கிறது. அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து உடம்பெங்கும் போகும். விரலுக்குப் போனால் கோடு, மூளைக்குப் போனால் பக்கவாதம். நம் நாட்டில் சிறு வயதில் மூட்டு வாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களுக்கு இது வருவது வழக்கம். வயதாகி வால்வு சுண்ணாம்பு கட்டினவர்களுக்கும் வருகிறது.

பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் ரிவியேர் என்ற மருத்துவர் இறந்தவர் ஒருவரின் இதயத்தைத் திறந்து, வால்வில் நுவாசெத் கொட்டை அளவுக்குக் கட்டிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, நம்மவர் பார்த்திருந்தால் முந்திரிக் கொட்டை என்று எழுதியிருப்பார் என்று தோன்றியது. 1816-ல் லாயென்னெக் காகிதத்தைச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த கதையை எங்கள் பள்ளிப் பாடத்தில் படித்தேன். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்த பூயோ என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் இந்த நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர் வைத்தவர். பெயர் வைத்தார்களே தவிர மருந்து இல்லை. வியன்னாவின் பெரிய இசைமேதை குஸ்தாவ் மாலருக்கு இது வந்தது. நியூயார்க்கில் ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பாரிஸுக்கு வந்து காட்டினார், அங்கும் அதே பதில். 1911 மே மாதம் வியன்னாவில் இறந்தார், வயது 50. பெனிசிலின் வந்த பிறகுதான் இந்த நோயாளிகள் வீடு திரும்பத் தொடங்கினார்கள்.

மாப்பிள்ளை வீடு திரும்பினார். ஆனால் எளிதாக இல்லை. முதலில் ரத்தத்தைத் தனித்தனியாக மூன்று தடவை எடுத்துக் கல்ச்சர் வைத்தார்கள். கிருமியை வளர்த்து அது யார் என்று பெயர் கண்டுபிடிக்கிற சோதனை. ஆறு வாரமாக அங்கங்கே போட்டுக்கொண்ட அரைகுறை ஊசியெல்லாம் கிருமியைக் கொல்லவும் இல்லை, சோதனையில் சரியாகத் தலைகாட்டவும் விடவில்லை என்று டாக்டர் வருத்தப்பட்டார். கடைசியில் ஒரு பாட்டிலில் வளர்ந்தது. எக்கோவில் வால்வின் மேல் கட்டி தெரிந்தது. நான்கு வாரம் நரம்பு வழியாக மருந்து. ஏப்ரலில் டிஸ்சார்ஜ். வால்வில் கொஞ்சம் ஒழுகல் மிச்சம், அதற்கு மாத்திரை போதும் என்றார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதுவும் ஆபீசில் நோட் போட்டுக் கற்றுக்கொண்டது. முதல் பக்கத்தில் நோயின் பெயர் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் மாத்திரைகளைப் பார்த்து அட்டவணை போட்டு மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஒட்டினேன். பிறகு தாள்களில் துளை போட்டு, டேக் கோர்த்து, பைலில் வைத்துவிட்டேன்.

பிரெஞ்சில் 'கிளாஸே' என்று ஒரு சொல். காகிதத்தை அதற்குரிய கட்டில் அடுக்கி வைப்பதற்கும் அதுதான் சொல், ஒரு விவகாரத்தை முடித்து மூடிவிடுவதற்கும் அதுதான் சொல். எங்கள் பழைய மேலதிகாரி ஒருவர் தபால் வந்தவுடன் படிக்காமலே மூலையில் அந்தச் சொல்லை எழுதிவிடுவார் என்று நாங்கள் சிரிப்போம். அன்று நான் செய்ததும் அதுதான்.

செப்டம்பரில் பல் வலி. ஜெயங்கொண்டத்தில் பல் டாக்டர், இதயத்தில் கிருமி வந்து குணமானவர் என்று கேள்விப்பட்டதும் கையை எடுத்துவிட்டார். "பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாம பல்லைத் தொட மாட்டேன்." பல் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்குமாம். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஒருமுறை வால்வில் கிருமி வந்தவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டுமாம். நல்ல டாக்டர். நான் பைலை எடுத்துக்கொண்டு செராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் கரண்ட் இல்லை. காத்திருந்த நேரத்தில், வேறு வேலை இல்லாததால், மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்.

கடைசி வரியில் கிருமியின் பெயரைப் போட்டு, இதன் காரணமாக ஆறு வாரத்துக்குள் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும், குடல் பிரிவில் காட்டவும் என்று இருந்தது. எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. "சொன்னாங்க மாமா. பின்னால குழா வுட்டுப் பாக்கணும்னாங்க. நான் நெஞ்சு வலின்னு போனவன், இது எதுக்குன்னு வுட்டுட்டேன்." அக்காளிடம்கூடச் சொல்லவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அது எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. காரைக்காலில் என்னோடு படித்த ஒருவர் பிரான்சுக்குப் போய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று ராத்திரி அவருக்குப் போன் போட்டேன். கிருமியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிக்கஸ். மறுமுனையில் ஒரு நொடி பேச்சில்லை. "எங்கள் வார்டில் அந்தப் பெயர் வந்தால் குடல் சோதனைக்கு அன்றே நாள் குறித்துவிடுவோம். நீ ஐந்து மாதம் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?" என்றார். பைல் போட்டு வைத்திருந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அதன்பின் இரண்டு நாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பாஸ்டர் நிறுவனத்தார் இந்தக் கிருமியை நிறைய ஆராய்ந்திருப்பதால் பிரெஞ்சிலேயே படிக்கக் கிடைத்தது. புரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கிருமிக்குப் பழைய பெயர் போவிஸ், மாட்டுக்குரியது என்று அர்த்தம். மாடு முதலிய பிராணிகளின் குடலிலும், சில மனிதர்களின் குடலிலும் சும்மா குடியிருக்கும். 1951-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மெக்காய், மேசன் என்ற இருவர், வால்வில் குடல் கிருமி தொற்றிய ஒரு நோயாளிக்குப் பெருங்குடலில் புற்றுநோயும் இருந்ததைக் கவனித்து எழுதினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1977-ல் கிளைன் என்பவரும் சகாக்களும் குடல் புற்றுநோய் உள்ள 63 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். 35 பேரிடம் போவிஸ் இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட 105 பேரில் 11 பேரிடம்தான் இருந்தது. அன்றிலிருந்து டாக்டர்கள் இந்தப் பெயரைக் கண்டால் குடலைப் பார்க்கிறார்கள். பிறகு போவிஸ் என்பது ஒரே கிருமி அல்ல, சிலவற்றைச் சேர்த்து ஒரே பெயரில் அழைத்திருக்கிறோம் என்று தெரிந்து, 2003 வாக்கில் பிரித்துப் பெயரிட்டார்கள். குடல் கட்டியோடு அதிகம் சேர்ந்து வருவது கேலோலிட்டிக்கஸ். ரத்தத்தில் இது இருந்து, குடலையும் சோதித்துக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடலில் ஏதோ ஒரு வளர்ச்சி இருந்திருக்கிறது. எல்லாம் புற்றுநோய் இல்லை, கணிசமானவை பின்னால் புற்றாக மாறக்கூடிய சதை முளைகள்.

பெயரின் பொருளைத் தேடியபோது ஒரு வேடிக்கை. கேலிக் அமிலத்தை உடைப்பது என்று அர்த்தம். அந்த 'கேல்' என்பது பிரெஞ்சில் 'நுவா த கால்', நம் வீட்டுக் கிழவிகள் குழந்தை நாக்கில் உரைத்துத் தடவும் மாசிக்காய்! துவர்ப்பைத் தின்று வாழும் கிருமி. ஆஸ்திரேலியாவில் தைல மர இலையைத் தின்கிற கோலாவின் சாணத்திலும் இதைக் கண்டிருக்கிறார்கள். "தொண்டையப் புடிக்கிற முந்திரிப் பழத்தத் தின்னுதான் வந்துச்சா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அப்படி எவரும் சொல்லவில்லை என்றேன். பிரான்சிலும் ஸ்பெயினிலும் கால்நடை வளர்க்கிற கிராமப்புறங்களில் இந்த வால்வு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. அதற்காக மாட்டை விற்க வேண்டியதில்லை.

கட்டிக்கும் கிருமிக்கும் என்ன உறவு என்பதில்தான் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. கட்டி வந்த இடத்தில் குடல் சுவர் பழுதாகிக் கதவு திறக்கிறது, கிருமி ரத்தத்தில் நுழைகிறது என்பது ஒரு கட்சி. 2018-ல் பாஸ்டர் நிறுவனத்தார் எலிகளில் காட்டியது இதற்கு ஒத்துப்போகிறது. கட்டி உள்ள குடலில் பித்த உப்பு மிகுதியாகும்போது, இந்தக் கிருமி சுரக்கும் ஒரு நஞ்சு வலுப்பெற்று மற்றக் கிருமிகளைக் கொன்று இடத்தைப் பிடித்துக்கொள்கிறதாம். இல்லை, கிருமியே கட்டியின் அணுக்களைப் பெருகத் தூண்டுகிறது என்பது அமெரிக்கக் கட்சி. அவர்களும் எலிகளைத்தான் காட்டுகிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நோயாளிக்கு எந்தக் கட்சி ஜெயித்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், குடலைப் பார்ப்பது.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு விளக்கினேன். கபாலில் வந்த கடிதத்தில் அனுப்பியவர் முகவரி இருக்கும் இல்லையா, இதயத்துக்கு வந்த இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் குடலின் முகவரி எழுதியிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். மறுநாளும் அதே. "நல்லாத்தான இருக்கேன். காச்சல் போயிடுச்சு, நாலு இட்லி கூடத் திங்கிறேன். சும்மா இருக்கிற உடம்ப எதுக்குக் கிளறணும்?" வெட்கம்தான் நிஜக் காரணம். வாயில் குழாய் விடுவது என்றால் மறுநாளே போயிருப்பார்.

என் மனைவி அதுவரை பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சொன்னாள்: "மூணு புள்ள பெத்திருக்கேன்டா. ஆஸ்பத்திரியில எத்தன பேரு பாத்தாங்க. உனக்கு மட்டும் என்னடா பெரிய வெக்கம்? வேட்டிய மடிச்சு வையி, காலையில மொத பஸ்ஸு." அவ்வளவுதான். நான் இரண்டு நாள் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

சோதனைக்கு முதல் நாள்தான் கொடுமை. பொடியைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும், குடல் அலம்பிவிட்டது போல ஆகும்வரை. புதுச்சேரியில் ஒரு லாட்ஜ் அறையில் நானும் அவரும். விடிய விடியக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. "மாமா, உங்க கிருமிக்கு நல்லா வேணும்" என்று உள்ளேயிருந்து கத்தினார். சோதனையில் ஒன்றும் இல்லை, மயக்கம் கொடுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது நீளம்.

குடலின் இடப்பக்கம் இரண்டு சிறு முளைகள், அங்கேயே வெட்டி எடுத்தார்கள். வலப்பக்கம் மேலேறும் குடலில் ஒன்று பெரிது. துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய். ரத்தம் குறைவு என்று சத்து மருந்து கொடுத்தார்களே, அதில் ஒரு பங்கு இந்தக் கட்டியிலிருந்து தெரியாமல் கசிந்ததாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் செய்து வலப்பக்கக் குடலில் ஒரு முழம் போல எடுத்தார்கள். கூடவே எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் பரவவில்லை. கீமோ தேவையில்லை என்று சொன்ன அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மாப்பிள்ளைக்கு அது இன்றுவரை தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். சர்ஜனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால்? "வந்ததே, அதுவரைக்கும் நல்லது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரான்சில் 50 வயது முதல் 74 வரை எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலச் சோதனைக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்களாம், செலவில்லாமல். "எனக்கு இனிமேல் வராது, வயது தாண்டிவிட்டது" என்று நண்பர் சிரித்தார். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை உண்டு, குடலுக்கு இல்லை. நம்மூரில் அந்த நோய் அவ்வளவு இல்லை என்பது ஒரு காரணம். ஆகவே மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டது அவருடைய இதயம் மட்டும்தான். காய்ச்சல் வந்தவர்களெல்லாம் குடல் சோதனைக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்ச்சரில் வந்த பெயர் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத இளைப்போ, ரத்தக் குறைவோ இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் மாத்திரை மாற்றி மாற்றித் தின்னாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பல்லைப் போன வருடம்தான் பிடுங்கினார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரை விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒரு வருடம் கழித்து மறுபடி குடலைப் பார்த்ததில் சுத்தமாக இருந்தது. அடுத்த தேதியைத் தானே நாள்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

காகிதங்கள் இப்போதும் என்னிடம்தான் வருகின்றன. ஆனால் கொடுத்துவிட்டு முன்போலப் போவதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். நேற்று மின்வாரியச் சீட்டு ஒன்று. தொகை, கடைசித் தேதி எல்லாம் படித்துவிட்டு மடித்தேன். "கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்கே, அதையும் படிங்க மாமா" என்றார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். அச்சடித்தவர் முகவரி.